மூன்றாம் தடவை கேட்டால்

வலென்தினா எதற்குப் படம் எடுத்தாள்? அன்று முழுக்க சிமி யூதெனின் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான். பல்கலைக்கழக ஆராய்ச்சி விழாவுக்கு வந்தோமா, அவரவர் ஆய்வு விளக்கப் பலகை முன்னால் நின்றோமா என்று இருக்க வேண்டியதுதானே! அந்தக் கொலம்பியாக்காரி சிமியிடம் வந்து, "அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்று அவள் கட்டியிருந்த பூட்டான் உடையான பட்டுக் கிராவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, உடையை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போனாள்.

பலகையில் இருந்தது சிமியின் உயிர். பூட்டானில் அவளுடைய பும்தாங் மலையில் விளையும் கறுப்பு முக்கோணத் தானியத்தை, அதிகாரிகளிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கிக் கொண்டுவந்து, ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் கிழக்கே உப்புப் பூத்துப் பாழாய்க் கிடந்த கோதுமை வயலில் முளைக்க வைத்திருந்தாள். படிப்பு நவம்பரில் முடிகிறது. அதற்குள் ஒரு பேராசிரியர் கோடைக்கால ஆராய்ச்சி வேலைக்கு எடுத்துக்கொண்டால், அப்படியே முனைவர் படிப்பு, உதவித்தொகை, அதன் பிறகு மகள். யாங்செலைப் பால்குடி மறந்த கையோடு நான்கு வருஷத்துக்கு முன் ஊரில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தவள் சிமி. வேலை கிடைக்காவிட்டால் அவளுக்கு முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டும் வேலைதான். ஊரில் பாலம் கட்டிய பொறியாளனான கணவன் துக்தெனுக்குக் கடை வளாகத்தில் தரை துடைக்கும் வேலை. பிள்ளை கைப்பேசித் திரையில் வளரும்.

பேராசிரியர் கிரேம் ஹாலரன் அரைக்கால் சட்டையோடு வந்து நின்றார். மேலிருந்து கீழ்வரை படித்தார், திரும்பவும் படித்தார்.

"இந்தக் கோடைக்கு எங்க குழுவுக்கு ரெண்டு பேர் வேணும். நீ வர்றியா?"

சிமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்தாள். "வேணாம் சார். எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாது சார்."

வேறென்ன சொல்வாள்? நல்ல வீட்டில் வளர்ந்தவள். தேநீரோ வேலையோ, ஒருவர் கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்பது, இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பது, மூன்றாம் தடவை இரு கையும் நீட்டி வாங்கிக்கொள்வது. கேட்டதுமே ஆவென்று வாயைப் பிளந்தால் பார்க்கிறவர்கள் காறித் துப்ப மாட்டார்களா?

"ஓ, பரவாயில்லை" என்று ஹாலரன் அடுத்த பலகைக்கு நகர்ந்தார். அது வலென்தினாவின் பலகை. அவர் கேட்டு வாய் மூடவில்லை, "வர்றேன்! கண்டிப்பா வர்றேன்!" என்று அவள் குதித்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வெட்கங்கெட்டவள்!

இரண்டாம் தடவை கேட்க அவர் திரும்பி வருவார் என்று சிமி நின்றுகொண்டே இருந்தாள். அவர் திராட்சை தின்றார், யாரிடமோ சிரித்தார், போய்விட்டார்.

வெளியே காருக்குள் துக்தென் வெற்றிலை மென்றபடி காத்திருந்தான்.

"என் வேலையை வலென்தினா தட்டிட்டுப் போயிட்டா" என்றாள் சிமி, கதவைச் சாத்துவதற்குள்.

"உன்கிட்ட கேட்டாரா இல்லியா?"

"கேட்டார். வேணாம்னேன்."

"அது சரி, அப்புறம்?"

"அப்புறம் கேக்கவே இல்ல."

துக்தென் மெல்லுவதை நிறுத்தினான். "ரெண்டாவது தடவைகூடவா கேக்கல? அப்போ இதுல என்னமோ இருக்கு, சிமி. அவ முன்னாடியே பேசி வெச்சிருக்கா. உன்கிட்ட சும்மா ஒப்புக்குக் கேட்டிருக்காங்க."

"என் பலகையைப் போட்டோ வேற எடுத்தா."

"பாத்தியா! நான் சொல்லல?"

வீடு போய்ச் சேர்வதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் விசாரித்துத் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். சிமியின் பிறந்தநாளுக்கு வலென்தினா கேக் கொண்டுவந்து கொடுத்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் வலென்தினாவே வந்தாள். சிமி முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"கிரேம்கிட்ட உன் பலகைப் படத்தைக் காட்டினேன்டி. எனக்கு உப்பு மண்ணைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது, இவ இருந்தாத்தான் நடக்கும்னேன். அவர் என்னடான்னா, 'அவளைத்தான் முதல்ல கேட்டேன், வேணாம்னுட்டா'ங்கறார். ஏன் வேணாம்னே?"

இது என்ன புது நாடகம் என்றுதான் சிமிக்கு முதலில் தோன்றியது. "அவர் திரும்பக் கேக்கலையே."

"எதுக்குத் திரும்பக் கேக்கணும்? வேணாம்னு நீதானே சொன்னே!"

சிமிக்கு முகமெல்லாம் எரிந்தது. அடிப்பாவி, சொன்னது தன் வாய்தானே! தண்ணீர்க் குவளையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஹாலரனின் அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை.

"வேணும் சார். எனக்கு அந்த வேலை வேணும்."

பிறந்ததிலிருந்து யாரிடமும் அவள் சொல்லாத வார்த்தை. சொல்லி முடித்ததும் கூசிப்போய்த் தரையைப் பார்த்தாள்.

"நல்லது, திங்கட்கிழமை வந்துடு" என்றார் அவர். இவ்வளவு சுலபமாகவா? இதிலும் ஏதாவது இருக்குமோ என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தாள்.

அன்று மாலை ஊருக்குக் கூப்பிட்டார்கள். நாத்தனார் கைப்பேசியைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். யாங்செலின் முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதை யாரும் சிமிக்குச் சொல்லவில்லை.

"யாங்செல், செல்லம்! அம்மாகிட்ட வந்துடறியா? இங்கேயே இருக்கலாம், வர்றியா?"

குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்தது. "வேணாங்க."

"பாத்தீங்களா அண்ணி, எவ்வளவு மரியாதை தெரியுது!" என்று நாத்தனார் பூரித்தாள். துக்தென் வாய்விட்டுச் சிரித்தான்.

சிமிக்குச் சிரிப்பு வரவில்லை. விருந்துக்குப் போன வீட்டில்தான் இப்படி மறுப்பார்கள். பெற்றவளிடம் எந்தப் பிள்ளை வாயைப் பொத்துகிறது? மரியாதைக்குச் சொன்னதா, நிஜமாகவே வேண்டாமா?

இரண்டாம் தடவை கேட்டாள். குழந்தை கையை எடுக்காமலே வேண்டாமென்று தலையை ஆட்டியது.

மூன்றாம் தடவை கேட்க அவளுக்கு நா எழவில்லை.