தண்ணீருக்குள் இருந்த கலப்பை

எங்களுக்குக் கல்யாணமான மறுவருடம் என் கணவர் ஒரு டிராக்டரை லொறியில் ஏற்றி வந்து அம்பிட்டிய வீட்டு முற்றத்தில் இறக்கினார். உட்காரக் கதிரை போட்டாலே ஒரு பக்கம் சரிகிற முற்றம் அது. சில்லுகளுக்குக் கல் கொடுத்து நிறுத்தினோம். சாம்பல் நிறம், இங்கிலாந்தில் செய்தது, எங்கள் இருவரையும்விட வயது கூடியது. என்ஜின் மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு குருவிக்கூடு இருந்தது.

அவர் கண்டி நகரில் உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை செய்தார். பழைய இயந்திரங்களைத் தேடிப் போவதில் அவருக்கிருந்த பொறுமை, திருத்துவதில் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்றேன்.

நான் கந்தோரில் நாள் முழுக்கக் கடிதங்களைக் கோப்பில் கோத்துவிட்டு வருகிறவள். கார்புரேட்டரின் துளைகளோ தையல் ஊசியைவிட மெல்லியவை. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஊதி, கண்ணருகே பிடித்து வானத்தைப் பார்த்தேன். துளையின் அந்தப் பக்கம் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. அதன் பிறகு அது என் வேலையாகிவிட்டது. கந்தோர் விட்டு வந்து தேநீர் குடித்தவுடன் முற்றத்துக்கு இறங்கிவிடுவேன். மலையிலிருந்து பனிமூட்டம் மெல்ல இறங்கி, முதலில் கொய்யா மரத்தையும் பிறகு டிராக்டரின் முன்சில்லுகளையும் மறைக்கும். கையில் பிடித்திருக்கும் திருகாணி மட்டும் மிஞ்சும்.

எட்டு மாதத்தில் என்ஜின் ஓடியது. பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பின்பக்கம் கலப்பையைத் தூக்குவதற்கென்று இரண்டு இரும்புக் கைகள் உண்டு. பிடியை இழுத்தால் அவை எழும், தள்ளினால் தாழும். ஆனால் கலப்பை இல்லை.

டிராக்டரை விற்றவர் திகனவில் இருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். ஒரு காலத்தில் பள்ளத்தாக்கில் வயல் செய்தவர். அணை கட்டி நீர் ஏறியபோது அவருடைய ஊர் முழுவதும் உள்ளே போனது. கலப்பை எங்கே என்று என் கணவர் கேட்டதற்கு, "அது தண்ணிக்குள்ள ஈக்குது, தம்பி" என்றாராம். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

மூன்றாம் வருடம் மழை பொய்த்தது. அணையில் நீர் வற்றி, மின்சாரத்தை மணிக்கணக்கில் வெட்டினார்கள். ஒருநாள் கடைக்குத் தொலைபேசி வந்தது. பெரியவர்தான்.

"கலப்ப தெரியுது. டிராக்டரயும் கொண்டு வாங்க."

லொறியில் ஏற்றிக்கொண்டு விடியக்காலை போனோம். பெரியவர் கரையில் காத்திருந்தார். வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய சாரம். கீழே, வழக்கமாக நீலமாகத் தெரியும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் ஊர் கிடந்தது. மதகு, கிணற்றின் வாய், ஒரே உயரத்தில் வெட்டப்பட்ட தென்னைகளின் அடிக்கட்டைகள். நடுவே பழைய தார் வீதி அப்படியே நீருக்குள் இறங்கிப் போனது.

"நீங்களே ஓட்டுங்க" என்றார் என் கணவர், டிராக்டரை இறக்கியதும்.

பெரியவர் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். எங்கள் முற்றத்தில் செவியை அடைக்கிற அந்தச் சத்தம் அந்தப் பரப்பில் தேனீயின் இரைச்சல்போல ஆகிவிட்டது. காலடியில் வெடித்த சேறு ஓடு ஓடாகப் பெயர்ந்தது. எங்கள் தலைக்கு மேல் எத்தனை ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கும் என்று நினைத்தபோது என் நடை தானாக மெதுவாகியது, நீருக்குள் நடப்பதுபோல.

கலப்பை வீதியோரத்தில் சாய்ந்து கிடந்தது. மண்ணைப் புரட்டும் இரண்டு பெரிய இரும்புத் தட்டுகளில் ஒன்று சேற்றில் பாதி புதைந்திருந்தது.

"அப்பவே இத எடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"டிராக்டர முன்னமே மேல ஏத்திட்டம். இது கடசி லொறி. கலப்ப இல்லாட்டி அலுமாரி, ஒண்டுக்குத்தான் எடம். பொஞ்சாதி அலுமாரியப் புடிச்சிக்கிட்டு நிண்டா."

மண்வெட்டியால் சேற்றை விலக்கி, அலவாங்கால் நெம்பி, சங்கிலி கட்டி இழுத்தோம். வெயில் ஏறியபோது அது தார் வீதிக்கு வந்தது. இரும்புக் கைகளில் அதைப் பொருத்துவதற்குள் மூவருக்கும் வியர்வை ஊற்றியது. பெரியவர் பிடியை இழுத்தார். டிராக்டர் ஒருமுறை முனகியது. கலப்பை, தூக்கத்திலிருந்து எழுகிற மாடுபோல, பின்பக்கம் முதலில் அசைந்து மெல்ல மேலே வந்தது. அதிலிருந்து நத்தை ஓடுகள் உதிர்ந்தன. பெரியவர் முன்னால் பார்த்தபடியே இருந்தார். அவர் தோள்கள் மட்டும் ஆடின.

பிறகு வண்டியைத் திருப்பி மேட்டுக்கு ஓட்டினார். லொறியருகே நிறுத்துவார் என்று நினைத்தோம். நிறுத்தவில்லை. திகனப் பக்கம் திரும்பி, வளைவில் மறைந்து போனார்.

"எங்க போறாரு?" என்றேன்.

"தெரியல. வருவாரு" என்றார் என் கணவர். அவர் குரலிலும் நிச்சயம் இல்லை. லொறி நிழலில் உட்கார்ந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்துச் சத்தம் கேட்டது. சில்லு மூடியின் மேல், தலையில் முக்காடும் கையில் குடையுமாகப் பெரியவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். கலப்பையை இன்னும் இறக்கவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நிற்காமல் பள்ளத்துக்கு இறங்கினார்கள். நாங்களும் போனோம்.

அந்த அம்மா இறங்கி, கருங்கல் அத்திவாரம் ஒன்றின் நடுவே நின்று சுற்றிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இரண்டடி நகர்த்தி நிறுத்தினார்.

"மகள், இதுதான் குசினி. இங்க ஜன்னல். இப்ப பாருங்க, அந்த மல தெரியுதா?"

சுவரும் ஜன்னலும் இல்லாத அந்த இடத்திலிருந்து பார்த்தேன். எதிரே மலை தெரிந்தது. உச்சியில் ஒரு துண்டு மேகம் இருந்தது.

"தெரியுது" என்றேன்.

"சோறு வடிக்கக்குள்ள அதத்தான் பாத்துக்கிட்டு நிப்பன்."

அன்று மாலை என் கணவர் டிராக்டரைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். பெரியவர் தலையசைத்து மறுத்தார். "வயல் இல்லியே, தம்பி. உங்கட்டயே ஈக்கட்டும்."

கலப்பையைச் சுரண்டிக் கிரீஸ் பூசினோம். ஒரு தட்டு சுழன்றது, மற்றது கடைசிவரை அசையவேயில்லை. இரண்டு வாரத்தில் மழை பிடித்தது. கந்தோரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கோப்பினை மூடி வைத்துவிட்டு அந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணறு நிறைந்திருக்கும், குசினிக்குள் தண்ணீர் வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன்.