அத்தா அண்ணன் வீட்டுக்குப் போன கதை

சகோதரிகளே, போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நான் துஆ கேட்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் அழுது கேட்கவில்லை. எரிச்சலில் கேட்டேன்.

என்னைப் பெற்ற அத்தாவுக்கு மறதி நோய். சிங்கப்பூரில், பொங்கோலில் என்னோடுதான் இருக்கிறார். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையை மூடி எவ்வளவோ காலமாகியும், விடிந்தால் கடை திறக்கக் கிளம்பிவிடுவார். தனியே விட முடியாமல் என் ஆபீஸ் வேலையை விட்டேன். சம்பளம் நின்றது. செலவு மட்டும் நிற்கவில்லை. டயபர், மருந்து, வாரத்தில் சில நாள் அவரை அனுப்பிய பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குக் கட்டணம். சேமிப்பு கரைந்ததும் நிலையத்துக்கு அனுப்புவதை நிறுத்தினேன்.

ஜூரோங்கில் இருக்கும் என் அண்ணனிடம் செலவைப் பற்றிச் சொன்னேன்.

"நீ வீட்டுலதானே இருக்கே, அப்புறம் என்ன செலவு? துஆ கேளும்மா, அல்லாஹ் பாத்துக்குவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலை அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். "யா அல்லாஹ், இந்த மனுஷனுக்குப் புரிய வை. எப்படியாவது!"

அந்த வாரமே, அத்தாவைக் குளிப்பாட்டும்போது வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. கேட்டதற்கு இதுதானா பதில் என்று மனம் வெறுத்துப்போனது. வேறு வழியில்லாமல் அண்ணன் அத்தாவை அழைத்துப் போனார்.

சில நாளில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. "டயபர் என்ன இந்த விலை! வாங்குனது அதுக்குள்ள காலி லா!" அடுத்து, சம்பளமில்லாத லீவு போட்டதாகப் புலம்பினார். பிறகு ஒரு காலை, "அத்தாவைக் காணோம்" என்று அலறினார்.

"பழைய கடைப் பக்கம் போய்ப் பாருங்கண்ணே" என்றேன்.

அங்கேதான், யாருடைய கடைக்கோ முன்னால், சாவியைத் தேடிக்கொண்டு நின்றாராம். அண்ணன் அங்கிருந்தே அழைத்தார். அழுதுகொண்டிருந்தார்.

"இத்தனை நாளா நீ எப்படிம்மா சமாளிச்சே?"

"வேலையை விட்டுத்தான்" என்றேன்.

அல்ஹம்துலில்லாஹ். நிலையத்தின் கட்டணத்தை இப்போது அண்ணன் கட்டுகிறார். வார இறுதியில் அத்தா அவர் வீட்டில். கை ஆறியதும் எனக்கு அரைநாள் வேலை கிடைத்தது. அத்தா குணமாகவில்லை, எனக்கு எரிச்சலும் தீரவில்லை. ஆனால் பாரம் என் ஒருத்தி தலையில் இல்லை.

உங்களில் யாராவது இப்படித் தனியாக இழுத்துக்கொண்டிருந்தால், இறைவனிடம் கேளுங்கள். அழகான வார்த்தை தேடாதீர்கள். சலித்துக்கொண்டு கேட்டாலும் அவனுக்குக் கேட்கும்.