நானோ எஞ்சினும் அண்ணனின் சீசனும்

மதுரையில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த வருஷங்களில் நான் கட்டிக்கொண்டு அழுதது ஓர் எஞ்சினை. லாரி எஞ்சின் இல்லை. ஒற்றைத் துகளைச் சூடாக்கியும் குளிர்வித்தும் வேலை வாங்குகிற, கண்ணுக்கே தெரியாத நானோ எஞ்சின். கொடுத்த வெப்பம் வீணாகாமல் முழுப் பலனும் வேண்டுமென்றால் அதை மிக மெதுவாக ஓட்ட வேண்டும். அத்தனை மெதுவாக ஓடினால் வேலை நடந்து முடியவே முடியாது. வேகம் கூட்டினால் வேலையும் கூடும், வீணும் கூடும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்காது என்பதைத்தான் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை என் அண்ணனுக்கு. சூட்டில் மருந்து தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால் வெயில் ஏறுவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், மீந்ததை அன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது முறை. அந்தத் தீபாவளி சீசனில் முதலாளிக்கு லோடும் கூட வேண்டும், மருந்தும் மீந்து வீணாகக் கூடாது. அண்ணன் மத்தியானமும் கலக்க ஆரம்பித்திருந்தான்.

நான் ஊருக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது கேட்டான்.

“ஏ புள்ள, வேகமும் வேணும், வீணும் ஆகக் கூடாதுன்னா ஒன் எஞ்சின்ல என்ன செய்வீக?”

“ரெண்டையும் நெருக்கிப் பிடிச்சா எஞ்சின் தடுமாறும்ணே. நூறு சுத்தோட சராசரி சரியா இருக்கும். ஒரு சுத்து என்ன செய்யும்னு எவனாலயும் சொல்ல முடியாது.”

“எங்களுக்கு ஒரு சுத்து போதுமே,” என்று சிரித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சிரிக்காத. வேலைய விட்டுரு.”

“சீசன் முடியட்டும், பாப்போம்.”

இரண்டு நாள் கழித்து மத்தியானம் சத்தம் கேட்டது. அலமாரிப் பாத்திரங்கள் அதிர்ந்தன. எங்கள் பக்கத்தில் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. தெருவுக்கு ஓடி வந்து புகை எந்தத் திசையில் என்றுதான் பார்ப்போம். அம்மா ஈரக் கையோடு நின்று வானத்தைத் தேடினாள்.

“கெழக்க. நம்ம பக்கம் இல்லத்தா,” என்றாள் என்னிடம்.

அண்ணன் கம்பெனி மேற்கே. எனக்கு உயிர் வந்தது. யார் வீட்டிலோ இழவு விழுந்திருக்கிறது, நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை என்பதுதான் கேவலம். தெருவில் நின்ற பெண்களில் இரண்டு பேர் மட்டும் கிழக்கே ஓடினார்கள். மற்றவர்கள் அடுப்பைப் பார்க்கப் போனோம்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். முகம் கழுவினான், உட்கார்ந்து சாப்பிட்டான். அம்மா சோறு போட்டபடியே கெஞ்சினாள்.

“நாளைக்கு ஒரு நாளாச்சும் வீட்டுல இருலே.”

“எப்படிம்மா? வெடிச்ச கம்பெனிக்கு சீல் வச்சிட்டாக. அவுக ஆர்டர் அம்புட்டும் இப்ப எங்களுக்குத்தான் வந்திருக்கு.”