ஒற்றைச் செருப்பைப் பார்த்த நர்சம்மா

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, ஒரகடத்தில் எங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் நடந்தது இது. உறுப்பினராக இருந்த அந்த அம்மா போன மாதம் காலமாகிவிட்டார். அஞ்சலிக் கூட்டத்தில் ஒன்பது பேர் பேசினார்கள். எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அரசியலுக்கு வருவதற்கு முன் அவர் இருபத்திரண்டு வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஜெயித்துச் சட்டசபைக்குப் போன பிறகும் எங்கள் பக்கத்தில் அவர் நர்சம்மாதான்.

நான் வாலாஜாபாத்துக்காரன். தொழிற்சாலை ஒன்றில் ஆட்கள் வந்து போகும் நேரத்தைப் பதியும் டைம் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் விட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எங்கள் தெருமுனையில் சாலையைக் கடக்க வழியில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு நூற்று எண்பத்தாறு கம்பெனி பஸ் போகிறது. நானே நின்று எண்ணினேன். அதையும் சேர்த்துப் பதினோரு குறைகள், ஆறு பக்க மனு. கொடுக்கக் கிளம்பியபோது என் மனைவியும் கூட வந்தாள். "உங்களத் தனியா அனுப்பினா யாராண்டயாவது வம்பு வளத்துக்கினு வருவீங்க" என்றாள்.

எங்கள் டோக்கன் இருபத்து மூன்று. ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்குப் பார்க்க, ஒவ்வொரு டோக்கனைக் கூப்பிடும்போதும் பாக்கெட் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் மனுவைப் பார்த்து, "இன்னா பெருசு, மனுவா கதை புக்கா?" என்று கேட்டாள். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். பத்தொன்பதைக் கூப்பிட்டபோது, "இன்னும் நாலு பேருதான், கம்முனு குந்துங்க" என்றாள் என் மனைவி. அதற்குப் பிறகு பேசவில்லை. என் நச்சரிப்பில் சலித்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. அங்கே யாரும் சொல்லாவிட்டாலும் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நானும் கழற்றிவிட்டுப் போனேன். திரும்பிப் பார்த்தால் என் மனைவி இடது காலில் செருப்போடு வந்து நிற்கிறாள். வலது கால் வெறுங்கால். எனக்கு மானம் போனது போல் இருந்தது. "ஒத்தச் செருப்போட வந்து நிக்கிறியே, ஒரு எடத்துக்கு வந்தா எப்பிடி இருக்கணும்னு தெரியாதா?" என்று எல்லோர் எதிரிலும் கடிந்துகொண்டேன். நான் மனுவைப் பிரித்து முதல் குறையைப் படிக்க ஆரம்பித்தேன்.

நர்சம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்று எழுந்து வந்தார். பெஞ்சுக்கும் வாசலுக்கும் நடுவில் வலது செருப்பு தனியாகக் கிடந்தது. அதைக் காட்டி என் மனைவியிடம், "அம்மா, இது அவுந்து வுழுந்தது தெரிஞ்சுதா?" என்று கேட்டார். அவள் விழித்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். இடது கை அப்படியே நின்றது. வலது கை மெல்லக் கீழே இறங்கியது. பெயரைச் சொல்லச் சொன்னார். நாக்குக் குழறியது.

"மயக்கமா இருக்கும், சோடா குடுங்க" என்று யாரோ ஓடி வந்தார்கள். நானும் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். நர்சம்மா அதை வாங்கி மூடிவிட்டார். "ஒரு சொட்டுக்கூடக் குடுக்காதீங்க சார், பொறை ஏறிடும். பக்கவாதம் மாதிரி தெரியுது." டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அம்மா கடைசியா நல்லாப் பேசினது எப்போ? சும்மா குத்துமதிப்பா சொல்லக் கூடாது."

நோட்டைப் பிரித்தேன். டோக்கன் பத்தொன்பது, பதினொன்று ஐந்து. காட்டினேன்.

அவர் காரிலேயே போனோம். பின் சீட்டில் என் மனைவியை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டார். என்னிடம் வயதைக் கேட்டுக்கொண்டு, நெடுஞ்சாலையோரப் பெரிய மருத்துவமனைக்குப் போன் போட்டு, "அறுபத்தேழு வயசு, வலது கை, வலது கால், பேச்சுக் குழறல், கடைசியா நல்லா இருந்தது பதினொண்ணு அஞ்சு, ஸ்கேன் ரெடியா வையுங்க" என்று ஒப்பித்தார். சட்டமன்ற உறுப்பினர் பேசுகிறேன் என்று சொல்லவில்லை. "நான் சிஸ்டர் பேசறேன்" என்றுதான் சொன்னார்.

முன் சீட்டிலிருந்து என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "எல்லார் எதிர்லயும் திட்டிட்டேம்மா" என்றேன்.

"திட்டினது கெடக்கட்டும் சார். நேரத்த எழுதி வெச்சீங்களே, அதான் இப்போ வேணும். நோட்ட வுட்டுடாதீங்க, டாக்டர் கேப்பாரு."

டாக்டர் கேட்டது முதலில் அதைத்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது, எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் அதைப் போட முடியாது என்றார். போட்டார்கள். மறுநாள் காலை என் மனைவி வலது கையால் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். இன்றும் தோசைக்கு மாவு ஊற்றும்போது கொஞ்சம் சிந்துகிறது. அவ்வளவுதான்.

பிறகு நன்றி சொல்லப் போனபோது நர்சம்மா என் மனுவை மேஜை டிராயரிலிருந்து எடுத்தார். "பாதியில நிறுத்திட்டேன் இல்ல? படிங்க சார்" என்றார். பதினொன்றையும் கேட்டார். நான்கு நடந்தது. ஏழு இன்னும் நடக்கவில்லை. நன்றிக்காக அதை மறைத்து எழுத எனக்கு வராது. ஏழுக்கும் அவர் போட்ட கடிதங்களின் நகல் என்னிடம் இருக்கிறது.

அவர் உடலுக்கு மாலை போட வரிசையில் நின்றபோது, எங்களுக்கு முன்னால் கம்பெனி சீருடையில் பதினாறு பெண்கள் நின்றிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து தூங்காமல் நேரே வந்திருந்தார்கள். எல்லோருக்கும் தெற்கத்திப் பேச்சு. ஒருத்தி என் மனைவியிடம், "நர்சம்மா எங்க ஹாஸ்டலுக்கு வந்தா மொதல்ல கண்ண இழுத்துப் பாப்பாவ, பாட்டி. ரத்தமே இல்லையே, என்னத்தட்டி திங்கியன்னு வைவாவ. பொறவுதான் என்ன கொறைன்னு கேப்பாவ" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். என் மனைவி வலது கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நாற்பத்தைந்து வருடமாக என் பக்கத்தில் இருந்தவளுக்கு நேர்ந்ததை, அவளை அதற்கு முன் பார்த்தே இராத ஒருவர் ஒரே நிமிடத்தில் கண்டுகொண்டார். இப்போதெல்லாம் எங்கே போனாலும், வாயைத் திறந்து என் குறையைச் சொல்வதற்கு முன் ஒருமுறை என் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த அம்மாவுக்கு நான் செய்யும் அஞ்சலி அது ஒன்றுதான்.