கொஞ்சம் கேப் விட்டுக் குடுங்க

மருந்துக் கடையில் மாத்திரை விற்பதைவிட மாத்திரை வெட்டுவதுதான் அதிக வேலை. இப்போதும் கையில் கத்திரிக்கோல்தான் இருக்கிறது. அட்டையை முழுசாக வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. நாலு கொடு, ஆறு கொடு என்பார்கள். அதற்குத் தக்கபடி வெட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ரப்பர் பேண்ட் போட்டு அந்தந்த டப்பாவில் வைக்கணும். மத்தியானம் கூட்டமில்லாத நேரம் என்பதால் வெட்டிக்கொண்டே நடுநடுவே இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. மகளை பால்வாடியில் விட்டுவிட்டு ஒன்பதரைக்கு வந்துவிடுவேன். மருந்து கொடுப்பது பார்மசிஸ்ட் சார். நான் எடுத்து வைப்பேன், வெட்டுவேன், கவரில் காலை, இரவு என்று எழுதுவேன். யாரிடமும் வாயைத் திறந்து பேசக் கூச்சம். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். ஆண்கள் தாம்பத்தியத்துக்காகக் கேட்கிற அந்த மாத்திரையைப் பற்றித்தான்.

ஊர் விட்டு ஊர்

அந்த மாத்திரையை யாரும் சொந்தத் தெருவில் வாங்குவதில்லை. ஆதம்பாக்கத்துக்காரர் மயிலாப்பூருக்கு வருவார். மயிலாப்பூர்க்காரர் அடையாறுக்குப் போவார். வந்த இடத்தில் நான் தனியாக நின்றால் போச்சு. அவரும் தரையைப் பார்ப்பார், நானும் தரையைப் பார்ப்பேன்.

ஒரு நாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருத்தர் வந்தார். இருமல் மிட்டாய் கேட்டார், கொடுத்தேன். போய் வண்டியில் உட்கார்ந்தவர் திரும்பி வந்து பஞ்சு கேட்டார். அப்புறம் குளுக்கோஸ். அப்புறம் இன்னும் என்னவோ. ஐந்தாவது தடவை வந்தபோதுதான் சார் பரணில் இருந்து ஸ்டாக் பார்த்துவிட்டு இறங்கினார். ஹெல்மெட்காரர் பெருமூச்சு விட்டார். "இன்னா சார் நீங்க, மேலயா இருந்தீங்க, வூட்ல கொயந்தையே இல்ல, டயப்பர் வரைக்கும் வாங்கிட்டேன்."

பட்டுப் பிரிவு அண்ணன்

முருகேசன் அண்ணன் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது ஆகவில்லை. வீடு மந்தைவெளியில். கொலஸ்ட்ரால் மாத்திரை மாதாமாதம் எங்களிடம்தான் வாங்குவார். ஒரு நாள் ஒரு துண்டுச் சீட்டை மடித்தபடியே சாரிடம் நீட்டினார். கூட வேலை செய்கிறவர் யாரோ அந்த மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சார் என் பக்கம் திரும்பாமல் குரலைத் தாழ்த்தினார். நான் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காதை என்ன செய்வது, எல்லாம் விழுந்தது. "கொலஸ்ட்ரால் மாத்திரையோட இது பொதுவா ஒத்துப்போகும், அதுல பயமில்ல. ஆனா கொலஸ்ட்ரால் இருக்கறவாளுக்கு இந்தக் குறை வந்தா, இதயத்துக்குப் போற ரத்தக் குழாயும் அடைச்சுண்டு வர்றதோன்னு முதல்ல பாக்கணும். டாக்டர் பாத்து எழுதித் தந்தா நான் தரேன். இன்னொண்ணு, நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வெக்கற மாத்திரை இருக்கே, அது எடுத்துக்கறவா இதைத் தொடவே கூடாது. பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிடும், ஆளையே கொண்டுபோயிடும்." அண்ணன் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தெனமும் நூறு பொம்பளைங்க முன்னால சேலையை விரிச்சுப் போட்டு நிக்குதேன் சார், ஒரு டாக்டர் முன்னால இதைச் சொல்லிட்டு என்னால நிக்க முடியாது."

நிறுத்தின மாத்திரை

அடுத்த மாதம் அவர் மனைவி செல்வி அக்கா வந்தார். நான் வழக்கம்போல கொலஸ்ட்ரால் மாத்திரையை வெட்டி எடுத்து வைத்தேன். அக்கா அதை என் பக்கமே தள்ளினார். அண்ணன் நிறுத்திவிட்டாராம்.

எனக்குப் புரிந்துவிட்டது. தன் குறைக்கு இந்த மாத்திரைதான் காரணம் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். எத்தனையோ ஆண்கள் இப்படிச் செய்வதை சார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் அடைப்புதான் கூடும் என்பார். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, நான் சொல்லியிருக்கலாம். ஆனால் எதனால் நிறுத்தினார் என்ற பேச்சு வந்துவிடுமே என்று, "சரிக்கா" என்று மட்டும் சொல்லி மாத்திரையை டப்பாவில் போட்டேன். அக்கா பையை மடித்துக்கொண்டு சொன்னார். "இந்த மாத்திரைதான் தன்னைக் கெடுத்துட்டுன்னு சொல்லுதாக, என்னத்தைக் கெடுத்துச்சுன்னு கேட்டா செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிடுதாக."

ஒரே டப்பா

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகணும்.

ஆடித் தள்ளுபடி நேரம். சார் சாப்பிடப் போயிருந்தார். செல்வி அக்கா ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து கவுண்டரில் திறந்தார். உள்ளே நாலைந்து நீல மாத்திரை, ஒவ்வொன்றாக வெட்டினது, பின்பக்கம் பெயரை நகத்தால் சுரண்டியிருந்தது. கூடவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை அட்டை. "நீலம் சத்து மாத்திரையாம்மா. அவுக கடையில ஒருத்தர் வாங்கித் தந்தாராம், வாரத்துல ஒண்ணு ரெண்டு போடுதாக. போன வாரம் படியேறையில நெஞ்சை இறுக்கிப் பிடிச்சிட்டு. தெருமுனை டாக்டர் இந்த வெள்ளையைக் குடுத்து, வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கச் சொன்னாரு. ஆஸ்பத்திரியில டெஸ்டு எடுக்கணுமாம். தள்ளுபடி முடியட்டும், இப்ப லீவு தரமாட்டாங்கன்னு சொல்லுதாக. ரெண்டு மாத்திரையும் குடுக்கலாமா?"

பெயர் இல்லாவிட்டால் என்ன, அந்த நீலம் எனக்குத் தெரியும். எங்கள் கடையில் மூணாவது தட்டில் இருக்கிறது. சார் அன்றைக்குச் சொன்னதும் அப்படியே ஞாபகம் இருந்தது. பக்கத்தில் இரண்டு ஆண்கள் மருந்துக்கு நின்றிருந்தார்கள். கூடாது என்று சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் நீலம் எதற்கு என்று சொல்லணும். புருஷன் மறைத்ததை அவர் பெண்டாட்டியிடம், அந்த ஆண்கள் காதில் விழ, நான் சொல்லணும். இந்தக் கவுண்டரில் எல்லா மாத்திரைக்கும் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு, அதைச் சொன்னேன். "கொஞ்சம் கேப் விட்டுக் குடுங்கக்கா." அக்கா முகம் தெளிந்துவிட்டது. "அவ்வளவுதானா, நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

ஏழு மணி நேரம்

சார் வந்ததும் சொல்லிவிடணும் என்று இருந்தேன். சார் வந்தார், கூடவே கூட்டமும் வந்தது. சாயங்காலம் மகளுக்குக் காய்ச்சல் என்று பால்வாடியில் இருந்து போன். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. வீட்டிலிருந்து சாருக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். போனில் சாரிடம் இதை எப்படிப் பேசுவது என்று இருந்துவிட்டேன்.

நாலாம் நாள் வந்தபோது கடை வாசலில் செல்வி அக்கா, கையில் ஆஸ்பத்திரி ஃபைல். அண்ணன் படுக்கப் போகும்போது ஒரு நீலம் போட்டிருக்கிறார். விடிகாலையில் நெஞ்சு வலி. அக்கா வெள்ளை மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எழுந்தவர் பாத்ரூம் வாசலிலேயே விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்க, அக்கா சத்து மாத்திரை என்றே சொல்லியிருக்கிறார். டப்பாவைத் திறந்து பார்த்த பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது. உயிர் தங்கிவிட்டது. இதயத்தில் இரண்டு அடைப்பு, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், ஐசியூவில் இருக்கிறார். நீலம் எதற்கான மாத்திரை என்று அக்காவிடம் அங்கே யாரும் புரியும்படி சொல்லவில்லை. என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு ஏதும் தவறு செய்துவிட்டோமோ என்று என்னிடமே கேட்பவர்போல் சொன்னார். "நீ சொன்ன மாதிரி ஏழு மணி நேரம் கேப் விட்டுத்தாம்மா குடுத்தேன்."

மந்தைவெளி

அன்றைக்கு சாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். சார் திட்டவில்லை. ஏழு மணி நேரம் பத்தாது, ஒரு நாள் முழுக்க ஆனாலும் ஆபத்து, சில மாத்திரைக்கு இரண்டு நாள்கூட ஆகும் என்றார். நெஞ்சு வலி வந்தால் வெள்ளையை வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், நீலம் போட்டதைச் சொல்வதுதான் வழியாம். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் அவர்ட்ட சொன்னேனே ஒழிய, அவா ஆத்துல ஒரு வார்த்தை சொல்லலியே" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு நான் மந்தைவெளிக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் இருந்தார், பாதி ஆளாக. ஜவுளிக்கடையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாச்சு. என்னைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அக்காவைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, நீலம் என்னவென்று சொன்னேன். அன்றைக்கே எனக்குத் தெரியும், கேப் விடச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்தார். அப்புறம் சத்தம் உயராமல் சொன்னார். "எங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டது அவுக ஒருத்தர்தான்னு நெனச்சேன், நீயுமா."

இப்போது அந்த மாத்திரைக்கு யார் சீட்டு கொண்டுவந்தாலும் நானே கேட்கிறேன். நெஞ்சு வலி உண்டா, நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிறீங்களா, பிரஷருக்கும் பிராஸ்டேட்டுக்கும் என்ன போடுறீங்க, வீட்டுல தெரியுமா. பாதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். கேட்கும்போது இன்னும் காது சுடுகிறது.

சார் கூப்பிடுகிறார், "ரேவதி, இவர்ட்ட நீயே கேட்டுடு" என்று. ஆகமொத்தம் இந்தத் தொழிலில் நான் கற்றது என்னவென்றால், கேட்கிறவளுக்கு வெட்கம் அரை நிமிஷம்தான், கேட்காமல் விட்டால் அது... இருங்க, அவர் நழுவப் பார்க்கிறார், முதலில் போய்க் கேட்டுவிடுகிறேன்.