தேம்ஸுக்கு நாள் குறித்தவள்

என் மனைவிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டில் வேலூர்ப் பக்கத்துத் தமிழ், வாசலைத் தாண்டினால் மராத்தி. நான் தூத்துக்குடிக்காரன். கடற்கரையில் பிறந்தும் எனக்குப் படகில் ஏறினாலே குமட்டும். கடலையே பள்ளிச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகப் பார்த்த அவள்தான் எங்கள் வீட்டில் படகு ஓட்டுகிறவள்.

சில வருடங்களுக்கு முன் அவள் தன் அலுவலகத்தோடு பான்ஷெத் அணைக்குப் போனபோது, மோட்டார் படகு ஓட்டியவர் விளையாட்டாக ஸ்டியரிங்கை அவள் கையில் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதமே அங்கே பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். சனி ஞாயிறுகளில் நாங்கள் குடியிருக்கும் நிக்டியிலிருந்து கிளம்பி, நகரத்தின் மறுகோடியைத் தாண்டி மலைப்பாதையில் போய், வெயிலில் கறுத்துத் திரும்புவாள். தேர்வு எழுதினாள், ரேடியோவில் பேசுவதற்கான தேர்வும் எழுதினாள். "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டவர்களிடம், "பிடிச்சிருக்கு, அதான்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

லண்டனில் இருக்கும் அவளுடைய அண்ணன் போன வருடம் ஒரு பழைய விசைப்படகு வாங்கினார். நான்கு பேர் உட்காரலாம், சின்னதாக ஒரு அறை, அதில் ஒரு அடுப்பு. படகு நகரத்தின் கிழக்கே ஒரு படகுத்துறையில் நின்றது. அதை மேற்கே தன் வீட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டும். நடுவில் முழு லண்டனும் இருக்கிறது. தேம்ஸ் நதியில் வரிசையாகப் பாலங்கள், சுற்றுலாப் படகுகள், பஸ் மாதிரி ஓடும் வேகப் படகுகள், குப்பை ஏற்றிப் போகும் பெரிய மிதவைகள்.

நாங்கள் கோடை விடுமுறைக்கு அங்கே போவதாக இருந்தோம். அவர் போனில் அவளிடம் சொன்னார்: "நீங்க வந்த முதல் சனிக்கிழமையே போயிடலாம், நீயும் ஓட்டலாம். காலையில பத்து மணிக்குக் கிளம்பினா, மத்தியானச் சாப்பாடு அந்தப் பக்கம். ஃபிரண்ட்ஸ் எல்லாரையும் கரைக்கு வரச் சொல்லிட்டேன்."

"சரிண்ணா, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"இதுல பார்க்க என்ன இருக்கு?"

அன்று இரவே சாப்பாட்டு மேசையில் தேம்ஸ் நதியின் படத்தை விரித்துவிட்டாள். கடையில் கொடுத்து அச்சடித்து, ஒட்டி ஒட்டி நீளமாக்கியது. அதன்பின் நாங்கள் ஹாலில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். எந்தப் பாலத்தில் எந்தக் கண் வழியாகப் போக வேண்டும், எங்கே கரையோரம் ஆழம் குறைவு, எங்கே பெரிய படகுகள் திரும்பும் என்று விரலை வைத்து வைத்துப் போவாள். பாலத்துக்கு அடியில் வேலை நடந்து உயரம் குறைந்திருந்தால், அடையாளமாக ஒரு வைக்கோல் கட்டைத் தொங்கவிட வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறதாம்.

"லண்டன்ல ஏது வைக்கோல்?" என்றேன்.

"சட்டத்துல இருக்கு. நான் என்ன பண்றது?"

ரேடியோவில் பேசிப் பழகுவது சமையலறையில் நடக்கும். குக்கர் விசிலுக்கு நடுவே கரண்டியை வாயருகே பிடித்துக்கொண்டு படகின் பெயர், இருக்கும் இடம், போகும் திசை எல்லாம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்வாள்.

அவளுக்குப் புதிதாக இருந்தது ஒன்றுதான், கடல் நீர் ஏறி இறங்குவது. அணையில் அது கிடையாது. எங்கள் பவனா நதிக்கும் ஒரே பக்கம் ஓடத்தான் தெரியும். தேம்ஸோ நகரத்துக்குள்ளேயே ஒரு நாளைக்கு இரண்டு முறை மேற்கே ஏறி, இரண்டு முறை கிழக்கே வடிகிறது. அதை விளக்க அவள் தமிழில் வார்த்தை தேடினாள். "எங்க ஊர்ல ஏத்தம், வத்தம்னு சொல்லுவோம்" என்றேன். இந்தப் பயணத்துக்கு என் பங்களிப்பு அதுதான். ஆனால் எங்கள் ஊரில் ஏற்றம் முழங்கால் அளவுக்கு மேல் பெரிதாகப் போகாது. அங்கே இரண்டு மாடி உயரத்துக்கு ஏறுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை எழுப்பி ஸ்கூட்டரில் பின்னால் உட்காரச் சொன்னாள். பக்தி சக்தி சௌக் நாற்சந்திப் பக்கம் காலியான சர்வீஸ் சாலையில், வேக முள்ளை ஒன்பது கிலோமீட்டரில் பிடித்து ஓட்டினாள். வண்டி இரண்டு பக்கமும் ஆடியது.

"இதுதான் அண்ணன் படகோட வேகம். பழைய இன்ஜின், இதுக்கு மேல போகாது" என்றாள். பிறகு இன்னும் குறைத்தாள். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. "தண்ணி எதிர்ல வந்தா இவ்வளவுதான் போக முடியும்."

ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் நிறுத்தி, "காய் ஜாலா தாயி, பெட்ரோல் சம்ப்லா?" என்று கேட்டார். பெட்ரோல் தீரவில்லை, லண்டனுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள், "நாஹி பாவ்" என்று சிரித்து அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் அட்டவணையை எனக்குக் காட்டினாள். அண்ணன் சொன்ன சனிக்கிழமை காலையில் ஏற்றம் முடிந்துவிடுகிறது. பத்து மணிக்குக் கிளம்பினால் நாங்கள் மேற்கே போக, மொத்த நதியும் எங்களுக்கு எதிராகக் கிழக்கே வடிந்துகொண்டிருக்கும். இரண்டு மணி நேரப் பயணம் ஐந்து ஆறு மணி நேரம் ஆகும்.

அன்று சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அண்ணா, அந்த சனிக்கிழமை வேணாம். அதுக்கு அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை போலாம். அன்னைக்குக் காலையிலதான் தண்ணி ஏற ஆரம்பிக்குது. நம்மளோட கூடவே வரும்."

"எல்லாருக்கும் சொல்லியாச்சு பாப்பா. நம்ம படகுக்கு இன்ஜின் இருக்கு, பாய்மரம் இல்ல."

"இன்ஜின் இருந்தாலும் இழுக்காதுண்ணா."

"அப்போ மூணு மணிக்கு மேல?"

"மூணு மணிக்கு மேல தண்ணி சரியா இருக்கும். ஆனா சனிக்கிழமை சாயங்காலம் பார்ட்டி படகெல்லாம் வெளிய வரும். முதல் தடவையே அந்தக் கூட்டத்துல வேணாம்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இருபது வருஷமா இந்த ஆத்துப் பக்கத்துல இருக்கேன். பவனாவுல தண்ணி ஏறுமா, இறங்குமா? நீ எனக்குச் சொல்ற!"

அவள் முகம் சிவந்தது. குரல் மட்டும் மாறவில்லை. "அந்த நாள்ல போறதுன்னா நீங்க போங்க. நான் கரையில இருக்கேன். வர்ற சனிக்கிழமையும் அங்க தண்ணி அதே மாதிரிதான் இருக்கும், கிட்டத்தட்ட ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா திரும்பி வரும். வேணும்னா கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க."

அவர் போனை வைத்துவிட்டார். அவள் மேசையில் விரித்திருந்த படத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்தாள். அந்த வாரம் நாங்கள் மேசையில் சாப்பிட்டோம். அண்ணன் தங்கைக்குள் நான் புகவில்லை. ஒரே ஒரு தடவை, "கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாமே" என்றேன்.

"நான் விட்டுக் கொடுக்கலாங்க. தண்ணி விட்டுக் கொடுக்காதே" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. நாங்கள் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். கூட்டத்துக்கு நடுவே போனை இரண்டு பேரின் காதுகளுக்கும் நடுவில் வைத்துக் கேட்டோம். மூச்சு வாங்கப் பேசினார்.

"பாப்பா, இன்னைக்கு ஒரு ஃபிரண்டோட வெளிய எடுத்தேன். ஃபுல் த்ராட்டில். கரையில ஜாகிங் போறவன் என்னைத் தாண்டிப் போயிட்டான். சரின்னு பார்த்தா, அப்புறம் ஒரு பொண்ணு, நாயைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போறா, அவளும் போயிட்டா. அப்ப ஒரு வேகப் படகு போச்சு. அது கிளப்பின அலையில அடுப்பு மேல இருந்த கெட்டில், கப்பு எல்லாம் கீழ. திரும்பி வந்துட்டேன். ஞாயித்துக்கிழமையே போலாம். எத்தனை மணின்னு நீயே சொல்லு."

அவள் வெந்தயக் கீரையைப் புரட்டிப் பார்த்து இரண்டு கட்டு எடுத்துக்கொண்டாள். நான்தான் காய்கறிக்காரரிடம், "ஆமச்சி பாய்கோ, கேப்டன் ஆஹே", என் மனைவி கேப்டன் என்று, என் அரைகுறை மராத்தியில் சொல்லிவிட்டேன். அவர் மரியாதையாக ஒரு பிடி கொத்தமல்லி போட்டார்.

அந்த ஞாயிறு வந்தது. லண்டனில் மேகமூட்டம், லேசான காற்று. படகுத்துறையில் தண்ணீரைத் தடுத்து நிற்கும் கதவு திறந்து நாங்கள் நதிக்குள் நுழைந்தபோது அண்ணன்தான் ஓட்டினார். டவர் பிரிட்ஜ் கண்ணில் பட்டதும் அவராகவே எழுந்து, "இங்கேருந்து நீ எடு" என்றார். அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் எங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனது. கரைக் கட்டடங்கள் சீராகப் பின்னே நகர்ந்தன. நடந்து போகிற யாரும் எங்களைத் தாண்டவில்லை.

பாலத்தைக் கடந்த சற்று நேரத்தில் அந்த வேகப் படகுகளில் ஒன்று எங்கள் இடப்பக்கம் பாய்ந்து போனது. "பிடிச்சுக்கோங்க" என்றாள், சமையலறையில் பேசுகிற அதே குரலில். வேகத்தைக் குறைத்து, படகின் மூக்கை அலைக்கு நேரே திருப்பினாள். படகு இரண்டு முறை எழும்பி அமர்ந்தது. பிறகு மெல்ல வலது பக்கத்துக்கே கொண்டுவந்தாள். அண்ணன் அடுப்பைப் பார்த்தார். கெட்டில் அதன் இடத்தில் இருந்தது. நான் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்திருந்தேன். அதை விட்டுவிட்டு எழுந்து நின்று அவள் தோளைத் தொட வேண்டும் போல இருந்தது. ஓட்டும்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தடுத்த பாலங்களில் அவள் எந்தக் கண்ணைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மேசை மேல் பார்த்துப் பார்த்து எனக்கும் மனப்பாடமாகியிருந்தது. ஒன்றைத் தவிர எல்லாம் சரி.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். அண்ணனின் நண்பர்கள் கரையில் பிரியாணியோடு காத்திருந்தார்கள். நான்தான் முதலில் இறங்கினேன், மண்ணைத் தொட வேண்டிய அவசரம். ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சூப்பர் சார், நீங்கதான் ஓட்டிட்டு வந்தீங்களா?" என்றார்.

"இல்ல சார். அவங்க" என்று பின்னால் கையைக் காட்டினேன். அவள் குனிந்து, கயிற்றை இன்னும் நீளமாக விடும்படி அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தண்ணீர் இறங்கும், கயிறு இறுக்கமாக இருந்தால் படகு தொங்கிவிடும் என்றாள். அவர் தலையாட்டி, கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

சாப்பாடு முடிவதற்குள் அதே கேள்வியை இன்னும் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று பதில் சொன்னேன்.