ஏற்றத்தில் நின்றுபோன கார்

மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இன்று காலை வேலு அண்ணனின் பழைய வாடகைக் காரில் லூனாஸிலிருந்து கூலிம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

"தங்கச்சி, கிளச்சு தேஞ்சு கெடக்கு. ஏத்தத்துல நிறுத்தினா இஞ்சின்தான் கத்தும், காடி நகராது லா," என்றார்.

நாட்டைப் பிடித்திருக்கும் ஜப்பான்காரர்களின் காவல்சாவடியோ சரியாக ஏற்றத்தில்தான் இருக்கிறது. அங்கே எல்லோரும் இறங்கிக் குனிந்து வணங்க வேண்டும்.

நான் பிள்ளையோடு இறங்கி வணங்கினேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் பின்னால் உருண்டுவிடும் என்று அண்ணன் உட்கார்ந்தபடியே குனிந்தார். சிப்பாய் ஜன்னல் வழியே கையை விட்டு ஓங்கி அறைந்தான். பிறகு போகச் சொன்னான்.

இஞ்சின் கத்தியது. கருகல் நாற்றம் வந்தது. கார் நகரவில்லை.

சிப்பாய் என் தோளில் துவண்டு கிடந்த பிள்ளையைப் பார்த்தான். துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, மேடு முடியும்வரை காரைத் தள்ளினான்.

"என்னண்ணே இது?"

"எனக்கும் புரியல தங்கச்சி. கன்னம் இன்னும் எரியுது."

மகன் மருந்து குடித்துத் தூங்குகிறான். நாளை மறுநாள் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சாவடியில் அதே சிப்பாய் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, நிற்கக் கூடாது என்றா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.